மேல்மண் கணக்கு

பொகவந்தலாவைக்கு மேலே, ஆற்றங்கரை மாணிக்கக் குழியில்
எனக்கு வேலை மண்ணை எண்ணுவது.
கல்லை எண்ண வேறு ஆள்.
அவருக்குக் கதிரை உண்டு, குடை உண்டு, இடுப்பில் சாவி உண்டு.
எனக்கு ஒரு சீ.ஆர். கொப்பி.

முதல் நாள் பெக்கோ
தேயிலைத் தூர்களைப் பிடுங்கி ஓரமாய்ப் போட்டது.
அதன் கீழே கறுப்பு, ஒரு முழம்.
நூறு வருசத்துக்கு மேலாக உதிர்ந்த இலையும்
கவ்வாத்துக் குச்சியும் மண்புழுவின் வயிறும்
சேர்த்து வைத்தது அவ்வளவுதான்.
அதற்குக் கீழே மஞ்சள், அதற்குக் கீழே கிரிமெட்டி,
ஒன்றிலும் வாசனை இல்லை.

கறுப்பைத் தனியே குவிக்க வேண்டும்,
ஆறடிக்கு மேல் உயர்த்தக் கூடாது,
கடைசியில் எடுத்ததை முதலில் போட்டு
முதலில் எடுத்ததைக் கடைசியில் பரப்ப வேண்டும்.
அனுமதிப் பத்திரத்தில் மும்மொழியிலும் இருந்தது.
நான் மூன்றையும் வாசித்தேன்.

இருநூற்றுப் பன்னிரண்டு லோடு.
இடம் போதாதென்று சுமனதாச அதைப்
பன்னிரண்டடிக்கு ஏற்றினான்.
ஆறாவது கிழமை முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன்.
மேலே இளஞ்சூடு.
உள்ளே மூச்சில்லை,
மழையில் மறந்துபோன சாக்கின் நாற்றம்.
"ரெண்டாப் பிரிச்சுப் போடுங்க முதலாளி."
"மண்ணுதானே புள்ள."

ஆனாலும் தோலில் மட்டும் அது முளைத்தது.
மணத்தக்காளி, பேர் தெரியாத ஒரு கொடி,
இரண்டு இலையோடு ஒரு தேயிலைக் கன்று.
அதற்கு யாரும் அங்கே வேலை கொடுக்கவில்லை.

இரவில் கனகமாலை வந்தாள், கீழ்க் கணக்கு லயத்திலிருந்து,
வெறும் உரப்பைகளோடு.
லீக்ஸ் பாத்திக்கு.
என் டோர்ச் வெளிச்சத்தில் நின்றாள், ஓடவில்லை.
நானும் கேட்கவில்லை.
கொப்பியில் 'மழையில் போனது' என்ற கட்டத்தில்
ஒன்பது பை என்று எழுதினேன்.

இருபத்தெட்டு அடியில் ஒரு நாள்
'இல்லம்! இல்லம்!' என்று கத்தினார்கள்.
சிங்களத்தில் அது கல் கிடக்கும் சரளைப் படை.
பத்துக்குப் பன்னிரண்டு காம்பிராவில்
ஆறு பேரோடு படுத்து எழும்பும் எனக்கு
அந்தச் சொல் சற்று நேரம் காதிலேயே நின்றது.

கல் வந்ததா என்று தெரியாது.
சாவிக்காரர் தொலைபேசியில் மெதுவாகப் பேசினார்,
அடுத்த சனிக்கிழமை குழியை மூடச் சொன்னார்கள்.

மழை கருக்கட்டியிருந்தது, டீசல் குறைவு.
குழியின் வாய்க்குக் கிட்ட இருந்தது கறுப்புக் குவியல்.
கிட்ட இருந்தது முதலில் போனது.
நான் கையை ஆட்டினேன், பெக்கோவின் சத்தத்தில்
கைக்குச் சத்தம் இல்லை.
பிறகு சரளை, பிறகு மஞ்சள்,
எல்லாவற்றுக்கும் மேலே கிரிமெட்டி,
பால் ஆடை போல வெள்ளையாய், வழவழவென்று.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார்.
சப்பாத்தால் ஒரு தடவை மிதித்தார்.
"மேல்மண் எத்தனை லோடு எடுத்தீர்கள்?"
இருநூற்றுப் பன்னிரண்டு.
"திருப்பிப் போட்டது?"
கொப்பியை நீட்டினேன். கணக்கு சரி.
ஒன்பது பை போக
அத்தனையும் குழிக்குள்தான் இருக்கிறது.
அவர் கேட்டது எத்தனை என்று,
எங்கே என்று அல்ல.
நானும் வாயைத் திறக்கவில்லை. அன்று சம்பள நாள்.
முதலாளிக்கு வைப்புப் பணம் திரும்பி வந்தது.

மானாப்புல் நட்டோம்.
எட்டு மாசமாகியும் நட்ட உயரத்திலேயே நிற்கிறது,
மஞ்சள் காமாலை பிடித்த மாதிரி.
மழைத் தண்ணீர் அதன் மேல் தேங்கி
வானத்தைக் காட்டிவிட்டுக் காய்கிறது.

நேற்று லயத்துப் பக்கம் போனேன்.
கனகமாலையின் பாத்தியில் லீக்ஸ் கணுக்கால் தடிப்பு.
குனிந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்தேன்.
அந்த மலையில் மிஞ்சியது
களவு போனது மட்டும்தான்.

"ஒரு பை திருப்பித் தா" என்றேன்.
"என்னத்த, மண்ணையா?" சிரித்தாள்.
பிறகு சிரிப்பை நிறுத்தி
மண்வெட்டியை எடுத்தாள்.

புல்லின் தூரில் பிடி பிடியாக வைத்தேன்.
பதினேழு தூருக்கு வந்தது.
கொப்பியில் புதிய பக்கம் திருப்பி
தேதி போட்டேன்:
மேல்மண், அரைப் பை.