பிளாஸ்திரி

மொண்டெவிதேயோவில்
எலும்பு மருத்துவர் சங்க மாநாடு.
பேசுகிறவர்களுக்கு மைக் மாட்டுவது என் வேலை.

காலையிலிருந்து இருபத்துமூன்று கோட்டுகள்.
காலரில் கிளிப், பின்னால் பெல்ட்டில் பெட்டி,
கண்ணை மூடிக்கொண்டே மாட்டிவிடலாம்.

அடுத்து டாக்டர் நெலிதா எச்செவெர்ரி.
பச்சை கவுன்.
காலர் இல்லை, பெல்ட் இல்லை, பாக்கெட் இல்லை.
பெட்டியை ஏந்திக்கொண்டு
கடன் கேட்க வந்தவன்போல் நின்றேன்.

"போன வருஷமும் இப்படித்தான்."
கைப்பையிலிருந்து பிளாஸ்திரிச் சுருளை எடுத்துப்
பல்லால் கிழித்தார்.
"முதுகெலும்பின் மேல் ஒட்டுங்கள்,
கையை வீசினாலும் அசையாது."

உடைந்த இடுப்பெலும்புகள் பற்றி எட்டு நிமிடம்.
அசையவில்லை.

"நன்றி, நெலிதா" என்றார் தலைவர்.
அதுவரை வந்தவர்கள் எல்லோரும் டாக்டர்.
அரங்குக்குப் போகும் ஒலியை அணைத்தேன்.
என் ஹெட்போனில் மட்டும்
நீளமாய் ஒரு மூச்சு.

பிரித்தபோது
தோலும் கொஞ்சம் சேர்ந்து வந்தது.
மன்னிப்புக் கேட்டேன்.
"நீங்களா தைத்தீர்கள் இந்த உடையை?" என்றார்.

மறுநாள் நானே ஒரு சுருள் வாங்கிப் போனேன்,
நல்ல ரகம், தோலை இழுக்காதது.

நிகழ்ச்சி நிரலை
இரண்டு முறை பார்த்தேன்.

மாலையில்
உறையைப் பிரிக்காமலே
கம்பிகளோடு சுருட்டி வைத்தேன்.