சாய்த்து வைக்க ஒரு சுவர்

உடையக்கூடியதை எல்லாம் கழற்று
என்கிறது விதித்தாள்.
முகப்பு விளக்கு, பின்விளக்கு, மிரர் இரண்டு.
கழற்றினேன். சிரமமே இல்லை.
தங்கச்சிமடத்து உப்புக்காற்று
பாதி ஸ்குரூவை முன்பே தின்றிருந்தது.

ஸ்டாண்டையும் எடுத்தேன்.
அன்றிலிருந்து இந்த வண்டிக்கு நிற்கத் தெரியாது.
ஐஸ் பிளாண்ட் சுவரில் சாய்ந்துகொண்டு
இரவு ஷிப்டில் என்னையே பார்க்கிறது,
சம்பளம் வாங்காத இன்னோர் ஆளாக.

எட்டு வருடப் பழைய ஆர் ஒன் ஃபைவ்.
பரமக்குடியில் ஒருவன்
லாரிக்கு அடியில் விட்டு எடுத்தது.
அவன் பிழைத்துக்கொண்டான்,
அதனால் விலை பேச முடிந்தது.

ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றக் கூடாதாம்,
வெறும் தண்ணீர்தானாம்.
வெறும் தண்ணீர்!
எங்கள் குழாயில் வருவதை ஊற்றினால்
அலுமினியம் ஒரே மாதத்தில் கருவாடு.
முப்பது ரூபாய் கேன் வாங்கினேன்.
வண்டி குடித்த மிச்சத்தில்
வீட்டில் உலை வைத்தார்கள்.

ஆயில் போல்ட்டில் துளை போட்டுக்
கம்பி கட்ட வேண்டும்,
அவிழ்ந்து டிராக்கில் எண்ணெய் சிந்தாதிருக்க.
ஒரு மில்லிமீட்டர் துளை.
முதல் பிட் உடைந்தது.
இரண்டாவதும்.
மூன்றாவது உள்ளே போய்
அங்கேயே தங்கிவிட்டது,
விருந்துக்கு வந்து கிளம்பாத சம்பந்தி மாதிரி.
புதுப் போல்ட், புதுப் பிட், ஒரு வழியாகத் துளை.
கம்பிக்கு மதுரைக்கு ஃபோன் போட்டுக்கொண்டிருந்தேன்.
நாகூர்கனி தூண்டில் பெட்டியைத் திறந்து
ஓர் எஃகு நரம்பை உருவி நீட்டினான்.
"சீலாப் பல்லுக்கே அறாதுடா இது.
ஒன் போல்ட்டுக்கா அறும்?"

விசைப்படகு எஞ்சின் பார்க்கிறவன் அவன்.
என் பிஸ்டனை உள்ளங்கையில் வைத்து
"என்னடா, டீ கிளாஸா?" என்றான்.
டார்க் ரெஞ்ச் மேல் அவனுக்கு நம்பிக்கையில்லை.
"முழங்கை சொல்லும்."
முழங்கை சொன்னது.
வால்வு மூடியில் மரை போனது.
அன்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
மறுநாள் பாம்பனில் யாரோ லேத்துக்காரனை எழுப்பி
புஷ் அடித்து, மரை வெட்டி,
காசைப் பற்றி வாயே திறக்காமல்
வைத்துவிட்டுப் போனான்.

விடியும்போது டிஸ்க்கில்
செம்மண் நிறத்தில் ஒரு படலம்.
தார்ப்பாய்க்குள்ளும் கடல் வந்துவிடுகிறது.
வண்டியை உருட்டி, பிரேக் பிடித்துத் துடைக்கிறேன்,
பிள்ளைக்கு முகம் கழுவுவதுபோல.

துருவை விடுங்கள்.
எனக்குப் பயம் வளைவு.
இரண்டு கடலுக்கு நடுவே
நீட்டிய கை எங்கள் நிலம்.
சாலை அதன்மேல் ஓடும் நேர் நரம்பு.
தனுஷ்கோடிவரை முறுக்கினால் முறுக்கியதுதான்,
காற்றுதான் பக்கவாட்டில் தள்ளும்.
முழங்கால் உரச
சொல்லிக்கொள்ளும்படி ஒரு திருப்பம் கிடையாது.

பிளாண்ட் முற்றத்தில்
எட்டு மீன்பெட்டி வைத்துச் சுற்றுகிறேன்.
தரையெல்லாம் உருகிய ஐஸ், செதில்.
இரண்டு முறை விழுந்தேன்.
வாட்ச்மேன் சவரிராயன் ஓடிவந்து
வண்டியைத்தான் முதலில் தூக்கினார்.

பணம் கட்டிய ரசீதைப் பார்த்து
பிலோமி ஒன்றும் சொல்லவில்லை.
ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறாள்.
என்ன நினைத்து வைத்தாள் என்று
நானும் கேட்கவில்லை.

விளக்கில்லை, ஹார்ன் இல்லை,
ரோட்டில் ஓட்டிப் போக முடியாது.
நாளை இரவு இறால் லாரியில் ஏறுகிறது,
படகுக் கயிற்றால் நாலு பக்கமும் கட்டி.

இருங்காட்டுக்கோட்டையில்
சோதிக்கிறவர் குனிவார்.
கம்பிக்கு முன்னால்
வாடை அவருக்குப் படும்.
"எந்த ஊர்?" என்பார். சொல்வேன்.

அதுவரை யாராவது
வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.
அங்கே சுவர்
எவ்வளவு தூரத்தில் இருக்குமோ.