எடைமேடைக்காரி

பகலெல்லாம் லாரிகளை நிறுப்பவள் நான்.
பைன் கட்டைகள், பிர்ச் கட்டைகள்,
ஜனவரியில் அவற்றின்மேல் ஒரு சாண் பனி.
எழுபது டன் என்று திரை சொன்னால்
எழுபது டன் என்று எழுதுவேன்.
எந்த லாரியும் வெட்கப்பட்டு
இதுவரை நான் பார்த்ததில்லை.

எனக்கும் நீட்டினார்கள் ஒரு படிவம்.
சாய்மா ஏரியின் படகுத்துறை,
இரவு எட்டரைக்கும் வெயில் அடங்காத ஜூலைச் சனிக்கிழமை.
பெயர்: ரைலி. வயது: ஐம்பத்திரண்டு.
நீச்சல் தெரியுமா: இதே ஏரியில்தான் வளர்ந்தேன்.
எடை:
பேனா அங்கே நின்றுவிட்டது,
நிறுத்தமே இல்லாத இடத்தில் பேருந்து நிற்பதுபோல.

சவுனாவில் நான் இப்படித் தயங்கியதில்லை.
ஹில்காவும் அவள் மருமகளும் நானும்
மேல்படியில் வரிசையாக உட்கார்ந்து வேர்ப்போம்.
வயிறு மடியில், மார்பு வயிற்றில்,
பேச்சு உருளைக்கிழங்கு விலையில்.
துணியில்லாத உடம்புக்கு அளவில்லை.
துணி என்று ஒன்று வரும்போதுதான்
எல், எக்ஸ்எல், அப்புறம்
கடைக்காரியின் மன்னிப்பு.

நூற்று இருபத்தாறு என்று எழுதினேன்.
பக்கத்தில் கிலோ என்றும் எழுதினேன்,
பழக்கதோஷத்தில் டன் போட்டுவிடாமல்.

ஆக்சேலி, இருபது வயதுப் பையன், படித்தான்.
அவன் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அசையவில்லை.
கொட்டகைக்குள் போய்
கதவைப்போல் அகலமான பலகையொன்றைத் தலையில் சுமந்து வந்தான்.
"இது நூற்றெழுபது வரை தாங்கும்.
நாய் இருந்தால் அதையும் ஏற்றிக்கலாம்."
நாய் இல்லை என்றேன்.
வார் எட்டியது மூன்றாவது லைஃப் ஜாக்கெட்டில்தான்.
முதல் இரண்டும் சின்னப் பசங்களுடையது என்று
பொய் சொல்லி ஓரமாக எறிந்தான்.
நல்ல பொய்.

மண்டியிட்டபடியே நாணல் ஓரம்வரை போனேன்.
துடுப்பைத் தலைகீழாகப் பிடித்திருந்தேனாம்,
திருப்பிக்கொண்டேன்.
பிறகு ஒரு பாதம். பிறகு மற்றது.
கைகளை ஊன்றி, பின்புறம் வானம் பார்க்க,
நெடுநேரம் அப்படியே இருந்தேன்.
துறையில் ஐஸ்க்ரீம் தின்றுகொண்டிருந்த குடும்பம்
ஐஸ்க்ரீம் தின்றுகொண்டே இருந்தது.

நின்றேன்.
எத்தனை நொடி என்று கேட்காதீர்கள்.
கணுக்கால்கள் இரண்டும்
இரவல் வாங்கியவைபோல நடுங்கின.
பிறகு ஏரி பக்கவாட்டில் எழுந்து
என் காதுக்குள் வந்தது.

விழுவதற்குப் பயிற்சி வேண்டாம்.
மறுபடி ஏறுவதைத்தான்
எந்த விளம்பரப் படத்திலும் காட்டுவதில்லை.
பக்கத்தில் தொற்றினால் பலகை என்மேல் கவிழ்ந்தது.
இன்னொரு தரம். இன்னொரு தரம்.
"வால் பக்கம் வாங்க," கரையிலிருந்து கத்தினான்,
"காலை உதைங்க, நீந்திக்கிட்டே மேல ஏறுங்க!"
உதைத்தேன்.
வயிறு வழுக்கிக்கொண்டு ஏறியது.
ஆமாம், வயிறுதான் முதலில்.
மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தன.

இந்த ஏரியில்
கடலே காணாத கடல்நாய்கள் உண்டு.
பாறையில் புரண்டு கிடக்கும் அவற்றைப் பார்க்க
ஹெல்சிங்கியிலிருந்து காசு கொடுத்து வருகிறார்கள்.
குளிருக்குக் கொழுப்புப் போதுமா என்று
கவலைகூடப் படுகிறார்கள்.
குப்புறக் கிடந்து மூச்சு வாங்கும்போது
அது நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன்.
பலகை ஆடியது. மறுபடி தண்ணீர்.

தூரத்தில் ஓர் இழுவைப்படகு
கட்டைத் தெப்பத்தை இழுத்துப் போனது,
தெரு நீளம், அவசரமே இல்லாமல்.
ஆலைக்கு வந்ததும் கணக்குக் கேட்பார்கள்.
இப்போதைக்கு அது சும்மா மிதக்கிறது.

"அடுத்த சனிக்கிழமைக்கும் பதிந்துவைக்கவா?"
பதிந்துவை என்றேன்.
"எடை ஏதாவது மாறினால்..."
மாறாது, அதே பலகை.

திங்களன்று முதல் லாரியின் ஓட்டுநர் வெய்னோ
ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து,
முட்டியில் என்ன நீலமாக என்றான்.
ஏரி என்றேன்.
புரியாமல் தலையாட்டி, பிரேக்கை விட்டான்.
லாரி இறங்கியதும்
மேடை ஒரு விரற்கடை மேலெழும்பியது,
எப்போதும்போல.