படிவம் 95

பொருளின் பெயர், எடை, நிறம், அடையாளம்:
கட்டம் போட்டுக் கேட்கிறது படிவம்.
இருபத்தொரு வருஷமாக நிரப்பி வருகிறேன்.
ரத்தம் காய்ந்த அரிவாள் ஒன்று.
ஆற்று மணலோடு டயர் வண்டி ஒன்று.
ஏழு பவுன் செயின், கொக்கி உடைந்தது.
இன்றைக்கு வந்திருப்பதற்கு
எடையில்லை, நிறமில்லை.
இன்ஸ்பெக்டர் ஆவுடைராஜ் சொல்கிறார்,
"எழுதுங்க ஏட்டம்மா, இருக்குல்லா."

இருக்கிறது.
திரையில் நான் பார்க்கிறேன், உலகமே பார்க்கலாம்,
எந்த நொடியில் கை மாறியது,
புள்ளிக்குப் பின் எட்டு இலக்கம் வரை.
கண்ணாடிச் சுவர் வைத்துக் கட்டிய வட்டிக்கடை.
உள்ளே நடமாடும் எவருக்கும்
முகம் மட்டும் கிடையாது.

மேலப்பாளையம் மைமூன் திங்கள்தோறும் வருவாள்.
விரல்நுனியில் புகையிலைக் கறை,
பையில், ரசீது என்று நம்பி
அச்செடுத்து வைத்த பச்சை அம்புக்குறிகள்.
ஒரு லட்சத்து எண்பதாயிரம் என்று சொல்லமாட்டாள்.
"ஏழு லட்சம் பீடி, ஏட்டம்மா."

அவளுக்குத் தெரிந்தது ஒரு பெயர்தான்: காத்தாடி 219.
போன் எண்ணைத் தேடினால் கம்போடியா.
கணக்கு இருந்த கம்பெனி ஏதோ ஒரு தீவில்.
எங்கள் கடிதத்துக்கு ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது:
தங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியமானது.

பிடித்துக் கொடுத்தது கம்ப்யூட்டர் இல்லை.
ஆனி மாதம், நாகர்கோவில் பஸ்ஸில்,
நாத்தனார் மகள் வளைகாப்புக்குப் போகிறேன்.
பணகுடி தாண்டியதும் காற்று ஜன்னலை அறைந்தது.
ஒவ்வொரு காற்றாலைக் காலிலும் கறுப்பு மையில் எண்.
குமட்டல் வராமலிருக்க வாசித்துக்கொண்டே வந்தேன்,
215, 217,
கொஞ்சம் பனங்காடு,
219.
அதன் காலடியில் நீலப் பெயின்ட் அடித்த மாடி,
வாசலில் உறை போர்த்திய புதுக் கார்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன்,
மடியில் வளையல் டப்பாவோடு.

நம்பித்துரை, வயது இருபத்தேழு,
பி.இ., நாலு அரியர்.
ஏழு நாட்டு வழியாகச் சுற்றி
தன் தடத்தை அழித்துக்கொண்டே போனவன்
பெயர் வைக்கும்போது மட்டும்
ஜன்னல் வழியே பார்த்திருக்கிறான்.

மகஜர் சாட்சிக்கு வி.ஏ.ஓ.வும் தலையாரியும்.
பென்டிரைவ் மாதிரி ஒரு சாமான்.
"இதுல எம்புட்டு கெடக்கு?"
"நாற்பத்தொரு லட்சம்."
தலையாரி அதை உள்ளங்கையில் வைத்துத்
தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

திறக்கப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் வேண்டும்,
வரிசை மாறாமல்.
"மறந்துட்டு" என்கிறான்.
பிடித்தபோது நடுங்கியவன்,
வக்கீல் வந்துபோனதும் டீ கேட்டான், சீனி கம்மியாக.
தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டியதில்லை.
ஆவுடைராஜ் சட்டையைச் சுருட்டியபோது
அந்தப் பக்கத்தை எடுத்து மேஜையில் வைத்தவள் நான்தான்.
சரிதான் செய்தேன்.
மத்தியானம் சோறு இறங்கவில்லை.

செய்தி கேட்டு, திங்கள் வரை பொறுக்காமல்
மைமூன் இன்றே வந்துவிட்டாள்.
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
"இதுதான் உன் துட்டு. இங்கனதான் கெடக்கு."
"அப்போ எடுத்துத் தாங்களேன்."
"பாக்கலாம். எடுக்க ஏலாது."
அவள் குனிந்து அந்த எண்ணின்மேல் விரல் வைத்தாள்.
அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள்,
கூட்டாளியைப் பார்ப்பது போல.
திரையில் புகையிலை ரேகை ஒன்று படிந்திருக்கிறது,
இன்னும் துடைக்கவில்லை.

ராத்திரி பாரா மாறும் நேரம்
கம்பிக்குள்ளிருந்து கூப்பிட்டான்.
"ஏட்டம்மா, அந்த ஃபேனைக் கொஞ்சம் கூட வையுங்க.
சத்தமில்லாம தூக்கம் வரமாட்டேங்கு."
கூட வைத்தேன்.
பழைய ஃபேன், முனகிக்கொண்டே சுற்றியது.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.
ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிட்டான்,
பன்னிரண்டு சொல்லையும் வைத்துக்கொண்டு.

எடை: ஒரு கோடு.
நிறம்: ஒரு கோடு.
அடையாளம் என்ற இடத்தில்
பேனா நிற்கிறது.
நாளைக்குத் திங்கள்.