முப்பத்தேழு

கலியமூர்த்தி நூறு எண் வாங்கினார்,
டெல்லிக்கு டிராப்ட் எடுத்து, மொத்தமாக.
முதல் பத்து இலக்கம் கம்பெனிக்கு. மாறாது.
அடுத்த இரண்டில்தான் என் உத்தியோகம்:
எந்த சி.டி.க்கு எது என்று
நீளநோட்டில் எழுதுவது.

மயிலாடுதுறை. உரக்கடைக்கு மேல்மாடி.
யூரியா வாடை ஏறிய அட்டைப்பெட்டிகள்.

ஒரே பாட்டு, ஒரே குரல் என்றாலும்
ஆடியோவுக்கு ஒன்று, எம்பி3க்கு ஒன்று, வீசிடிக்கு ஒன்று.
கலியமூர்த்திக்கு இதில் வயிற்றெரிச்சல்.
"வெதை நெல்லு மாதிரி எறைக்கிறியேடா."

கடைசி இலக்கம் நம் இஷ்டமில்லை.
ஒன்றால் பெருக்கு, மூன்றால் பெருக்கு, மாறி மாறி;
கூட்டு;
அடுத்த பத்துக்கு எவ்வளவு துண்டு விழுகிறதோ அது.
முப்பத்தேழுக்குத் தொண்ணூற்று நாலு வந்தது.
ஆறு போட்டேன்.

ஆடி மாதம். கரண்ட் இல்லை.
எதிர் வாய்க்காலில் லஸ்கர்
மதகுச் சுவரில் சிவப்பு பெயிண்டால் எண் எழுதுகிறார்,
தூரிகையைத் தண்ணீரில் அலசி அலசி.
அதைப் பார்த்துக்கொண்டே எழுதியிருக்கிறேன்:
கொள்ளிடக்கரை ஒப்பாரி, முப்பத்தேழு.
நலங்குப் பாட்டு, முப்பத்தேழு.

கும்பகோணத்துக் கடையின் கம்ப்யூட்டர்
பிந்தி வந்ததை நம்பும்.
சிவப்புக் கோடு ஓடியது, பீப் என்றது,
ஆறு சரி என்றது.
இலக்கம் பிசகினால் பிடித்துவிடும்.
ஆள் மாறினால் அதற்குத் தெரியாது.

நீடாமங்கலத்திலிருந்து போன்.
"அட்டையில ஒங்க நம்பர் இருந்துச்சு. அஞ்சம்மா பேசுறேன்.
நா எடுத்தது ஒப்பாரி.
பில்லுல நலங்குன்னு போட்டிருக்கு."
விலை ஒன்றுதான், இரண்டும் நாற்பத்தைந்து என்றேன்.
அதைத்தான் முதலில் சொன்னேன்.

"காசுக்குக் கேக்கல தம்பி.
வர்ற வெள்ளிக்கு எந்தங்கச்சிக்குப் பதினாறு.
முப்பத்தோரு வயசு.
பொண்ணு பாக்க வந்த கணக்கு மட்டும் ஒம்போது."

அந்தப் பக்கம் யாரோ மிக்சி ஓட்டி நிறுத்தினார்கள்.

"அந்த நலங்கையும் ஒண்ணு அனுப்பு."

ராத்திரி முழுக்க ஸ்டிக்கர்.
நலங்குக்கு இனி முப்பத்தெட்டு.
கூட்டினால் தொண்ணூற்று ஏழு. கடைசியில் மூன்று.
பழைய கோடுகளின் மேல் புதிய கோடுகள்,
அறுநூற்றுப் பன்னிரண்டு பெட்டி.
கட்டைவிரலில் பசை உரிந்தது.
கலியமூர்த்தி ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு
"ஒரு நம்பர் போச்சு" என்றார்.

ஒன்றில் மட்டும் ஒட்டவில்லை.
செய்தித்தாளில் சுற்றி
காலை மன்னார்குடி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன்.
அஞ்சம்மாள் வீட்டில்
இரண்டுக்கும் ஒரே எண்.

திரும்பி வந்து நோட்டைத் திறந்து
இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தேன்.
தொண்ணூற்று நாலு.
ஆறு சரியாகத்தான் இருந்தது.