அரவம்

பிரமீளாவுக்கு அரசுப் பள்ளிக்கூடம்,
இடமாற்றம் கிடைக்காது.
எனக்குக் காயில் சுற்றும் மெஷின் ஒன்று,
ஸ்பேனர் பெட்டி இரண்டு,
எங்கே இறக்கிவைத்தாலும் கடை.
அதனால் நான்தான் வந்தேன்.
கோவில்பட்டியில் அம்மா இதை
யாரிடமும் முழு வாக்கியமாகச் சொன்னதில்லை.
"பையன் அந்தப் பக்கம் தொழில் பண்றான்."

நகரியில் தமிழ் தெரியாதவர் இல்லை.
பேரம் பேச, வழி சொல்ல, வட்டி கேட்க
என்னிடம் தமிழில்தான் வருகிறார்கள்.
சிரிக்கும்போது மட்டும்
தெலுங்குக்குப் போய்விடுகிறார்கள்.
மச்சான் துரைராஜுலு ஏதோ சொல்ல
பந்தியே குலுங்குகிறது.
நான் அரை விநாடி பிந்திச் சிரிக்கிறேன்,
இலையைப் பார்த்துக்கொண்டு.
"சிரிக்காமலே இருந்திருக்கலாம்" என்றாள் பிரமீளா
அன்றிரவு கொசுவலையைச் செருகியபடி.
கோபமெல்லாம் இல்லை.

வந்த புதிதில் மாமியார் கிண்ணத்தை நீட்டி
"பெருகு?" என்றார்.
வாழ்த்துகிறார் என்று நினைத்து
எச்சில் கையோடு கும்பிட்டேன்.
தயிர்.
ஏகாம்பரகுப்பம் வரைக்கும் போய்விட்டது கதை.
தறிக்காரர்கள் மோட்டாரை இறக்கிவைத்துவிட்டு
இவர்தானா அந்தப் பெருகு மாப்பிள்ளை என்று
ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான்
கூலி கேட்கிறார்கள்.

மோட்டார் பரவாயில்லை.
"காலிபோயிந்தி" என்றார் முதல் வாடிக்கைக்காரர்.
எரிந்துவிட்டது என்கிறார்.
காலியாகிவிட்டது என்று என் காதில் விழுந்தது.
இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்.
கருகிய வார்னிஷ்
திருத்தணி தாண்டியதற்காக
வேறு மாதிரி நாறுவதில்லை.

தமிழ்க்காரனுக்கு இங்கே அரவோடு என்று பேர்.
அது வசவு இல்லை என்கிறார் மாமனார் முனிரத்தினம்.
வைகிறபோதும் அதைத்தான் சொல்வார்கள் என்பதையும்
அவரேதான் சொல்கிறார்.
எனக்குத் தெரிந்த அரவம் பாம்பு.
இல்லையென்றால், ஆள் வருகிற சத்தம்.
இந்த வீட்டில் இரண்டாவதாக இருக்கப் பார்க்கிறேன்:
அடுக்களைக்குள் நுழையுமுன் இருமுகிறேன்,
குளிக்கையில் வாளியை வேண்டுமென்றே
சுவரில் இடிக்கிறேன்.
யாரும் திடுக்கிட்டுவிடக் கூடாது.

பிரமீளாவுக்கு இது ஐந்தாம் மாதம்.
கரண்ட் போன ராத்திரிகளில்
தறிகள் ஒவ்வொன்றாக நின்று தெருவே ஊமையாகும்போது
படுத்தபடி யோசிக்கிறேன்:
அது என்னை முதன்முதலாகக் கேலி செய்யும்போது
உடனே புரியுமா எனக்கு,
இல்லை அதற்கும் அரை விநாடி ஆகுமா.

போன ஞாயிறு அக்கா கூப்பிட்டாள்.
மடியில் செம்புக் கம்பி,
காதுக்கும் தோளுக்கும் நடுவே போன்.
அங்க மழை உண்டாடா, என்றாள்.
"எங்க பக்கம் ஏதுக்கா மழை?
நாங்க மாந்தோப்புக்கே
லாரித் தண்ணிதான் விடுறோம்."

ஒன்றும் கேட்கவில்லை.
சிக்னல் என்று நினைத்தேன்.
பிறகு மெல்ல, "எங்க பக்கமா?" என்றாள்.

நாம் என்பதற்கும் நாங்கள் என்பதற்கும் நடுவில்
ஒரு ஆள் நிற்குமளவு இடைவெளி.
வந்த நாள் முதலாக
மனமு என்கிறார்களா, மேமு என்கிறார்களா என்று
சோற்றுப் பேச்சில், சீட்டுக் கணக்கில்,
கதவுக்கு அப்பால் நடக்கிற சண்டையில்
காதை வைத்துக்கொண்டே இருந்தேன்.
என் வாய் போய் அக்காவை வாசலில் நிறுத்தும் என்று
ஒருநாளும் தோன்றியதில்லை.

அத்தான் சாப்பிட்டாரா என்று ஏதோ கேட்டேன்.
சாப்பிட்டார், என்றாள்.
வைத்துவிட்டாள்.

அறுபத்து நாலா, அறுபத்தாறா,
சுற்று எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது.
கம்பியைப் பிரித்து
முதலிலிருந்து சுற்றினேன்.