அரைவாசிக் காற்று

ஐந்து பேர், தலைக்கு நானூறு.
நிஃப்லா முந்நூறுதான் தந்தாள்,
மிச்சம் மகாபொல விழுந்த பிறகாம்.
ஆயிரத்துத் தொளாயிரத்தை
மண்ணியல் கொப்பியின் கடைசித் தாளில் எழுதி
அடிக்கோடு போட்டேன்.
காசு என்னிடம், திட்டும் எனக்கு.

கிளிநொச்சிச் சந்திக் கடையில்
ஒரு கிலோ கேக்குக்குச் சொன்ன விலையில்
கால் ஏக்கருக்கு யூரியா எறியலாம்.
பேசாமல் வந்துவிட்டோம்.
கேக் ரைஸ் குக்கரில்.
நாலு முட்டை, அரைக் கிலோ மா,
மாஜரீன்
(பட்டர் என்றே சொல்லிக்கொண்டோம்).

சுவருக்குப் பூ வேண்டும்.
நான் ரியூசன் கொடுக்கிற வீட்டில்
எடைக்குப் போடக் கட்டிவைத்த வினாத்தாள்கள்.
எட்டாக மடித்து நடுவில் நூல் இறுக்கி
தாள் தாளாக இழுத்துவிட
செவ்வந்தி மாதிரி ஒன்று வந்தது.
பீற்றூட் அவித்த தண்ணியில் ஓரம் தோய்த்தோம்.
ஒரு இதழில் மட்டும் எழுத்து அழியவில்லை:
பின்வருவனவற்றுள் பிழையானது எது.
அவித்த பீற்றூட்டை எறியவில்லை,
வெங்காயமும் தேசிக்காயும் சேர்த்துப்
பாணுக்குள் வைத்தோம்.

துவாரகியின் ஊதாச் சேலை யன்னல் கம்பியில்.
குண்டூசி குத்த விடமாட்டாள்,
உடுப்புக் கிளிப் ஆறு.
ஒரு ரின் மீனில் இருபத்தாறு கட்லட்;
கிழங்குதான் கட்லட்,
மீன் வாசத்துக்கு.
மாங்குளத்தில் பஸ் நின்ற ஐந்து நிமிசத்தில்
நூறு ரூபாய்க்குப் பாலைப்பழம் வாங்கினேன்.
முதல் பிடி நிஃப்லாவின் வாய்க்குள்.
உதடு ஒட்டினால்
இசைமதியிடம் உளறமாட்டாள்.

பிறகு தமாஷா வந்தாள், குருநாகலில் இருந்து,
தோளில் பையோடு, சிரித்துக்கொண்டு.
"இது என்ர பங்கு."
இருபத்தைந்து பலூன்.

என் கொப்பியில் பலூன் என்ற சொல் இல்லை.
முதல் நாளே நானும் துவாரகியும்
அதை எழுதாமல் விட்டிருந்தோம்.
ஆய்வுகூடத்தில் போன மாசம்
சோதனைக்குழாய் ஒன்று வெடித்தபோது
இசைமதி எங்கே நின்றாள் என்று
மேசைக்கடியில் குனிந்துதான் பார்க்கவேண்டியிருந்தது.

தமாஷா எங்கள் முகங்களைப் பார்த்தாள்.
துவாரகி ஒன்றை எடுத்து
இரண்டு மூச்சு ஊதி, முடிச்சுப் போட்டு,
விரலால் அமத்திக் காட்டினாள்.
மெத்தென்று இருந்தது. வெடிக்காது.
தமாஷா ஏன் என்று கேட்கவில்லை.
நிலத்தில் இருந்து
அடுத்ததை ஊதத் தொடங்கினாள், இரண்டே மூச்சு.

அதற்குள் சேலையின் மடிப்புக்கு
அயன்பெட்டியைக் குத்திவிட்டாள் யாரோ.
குக்கரும் அதுவும் ஒரே பிளக்கில்.
வீடே இருண்டது.
"பிள்ளையள்! என்னத்தைப் போட்டனீங்கள்?"
கீழேயிருந்து வீட்டுக்கார அன்ரி.
நாங்கள் குக்கரைக் கட்டிலுக்கடியில் தள்ள முதல்
வாசம் அவவிடம் போய்விட்டது.
பாதி வெந்த மாவைத் தன் காஸ் அடுப்பில் ஏற்றித் தந்தா,
ஒரு துண்டு தன் மகனுக்கு என்ற ஒப்பந்தத்தில்.
ஓரம் கேக், நடு களி.
களிக்குப் புடிங் என்று பெயர் வைத்தோம்.

கரண்ட் வரவில்லை.
போன் ரோர்ச்சின் மேல் தண்ணிப் போத்தலை வைக்க
கூரையில் வெளிச்சம் அலைந்தது.
அந்த நேரம் பார்த்து இசைமதி கதவைத் திறந்தாள்.

பூவைப் பார்க்கவில்லை. சேலையைப் பார்க்கவில்லை.
கயிற்றில் சூம்பித் தொங்கிய இருபத்தைந்தையும்
நெடுநேரம் பார்த்தாள்.
"என்னடி, கத்தரித் தோட்டமோ?"
ஒன்றைப் பறித்து முடிச்சை அவிழ்த்து
நிஃப்லாவின் முகத்துக்கு நேரே விட்டாள்.
ப்ர்ர்ர்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு
கட்லட்டின் மேல் விழப் பார்த்தோம்.

மிச்சம் முப்பத்தைந்து ரூபாய்.
நிஃப்லா தரவேண்டியது நூறு.

விடியப் பார்த்தேன்.
இருபத்துநாலும் இன்னும் கொஞ்சம் சுருங்கி.
இசைமதியின் தலைமாட்டில் மட்டும் ஒன்று,
நேற்று அவிழ்த்த அந்தச் சிவப்பு,
தோல் மினுங்க, முழுசாக ஊதப்பட்டு.
அவள் வாய் திறந்து நித்திரை.
நான் மெதுவாக நடந்து
யன்னலைச் சத்தமில்லாமல் திறந்தேன்.
விரலெல்லாம் இன்னும் பீற்றூட்.